சம்மணம் போடத் தெரியாத பைஜாமா

அக்கா பெட்டியைத் திறந்து அந்தத் துணியை என் மடியில் வைத்தபோது மழை மூன்றாவது நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை என்று காலையில்தான் சொன்னார்கள். சிவப்பில் கறுப்புக் கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பக்கமாக ஒதுங்கிய மெல்லிய மஞ்சள் கோடு. பத்து மீட்டர் ஃபிளானல். தொட்டால் பூனைக்குட்டியின் வயிற்றைத் தடவுவதுபோல் இருந்தது.

"நாலு பேருக்கும் ஒரே மாதிரி பைஜாமா தைத்துத் தா. கிறிஸ்துமஸுக்குப் போட்டுக்கொண்டு படம் எடுக்க வேண்டும்" என்றாள். மேல்சட்டை வேண்டாமாம், பனியன் போதுமாம்.

அவள் ஸ்காட்லாந்தில், அபர்டீனில் நர்ஸ். டிசம்பரில் அங்கே மாலை மூன்றரைக்கே இருட்டிவிடும். ஹீட்டரைக் கூட்டினால் பில் எகிறும், ஆகவே உடுப்பைக் கூட்டுகிறார்கள். கடையில் தைத்ததே கிடைக்குமே என்று கேட்டேன். கிடைக்கிறதாம். ஆனால் அத்தானுக்கு இடுப்பு சரியாக இருந்தால் கால் ஒரு சாண் நீளம். கால் சரியாக இருந்தால் இடுப்பில் மூச்சு முட்டும்.

எங்கள் ஊரான குலசேகரத்தில் ஃபிளானல் என்றால் பிறந்த குழந்தையைச் சுற்றும் துணி, அவ்வளவுதான். மார்கழியிலும் மின்விசிறியை ஒன்றில் வைத்துத் தூங்குகிறவர்கள் நாங்கள். பன்னிரண்டு வருடமாக அம்மாவின் கால்மிதி மெஷினில் ஜாக்கெட்டும் சுடிதாரும் தைத்துவருகிறேன். பைஜாமா என்ன பெரிய வித்தை, இரண்டு கால், ஒரு இலாஸ்டிக் என்று நினைத்தேன். மூன்று வாரம் பிடித்தது.

முதலில் ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பார்த்தேன். சிவப்பு நூல் முழுக்கச் சிவப்பாகவே வந்தது. அச்சடித்த கட்டமாக இருந்தால் நூலில் இடையிடையே வெள்ளை தெரியும். லுங்கி வாங்கும்போது அப்பா செய்யும் அதே சோதனை. நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த துணி என்பது பின்னால் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. இரண்டு பக்கமும் பஞ்சு எழுப்பியிருந்ததும் அப்படியே. ஃபிளானலை நெய்த பிறகு, மெல்லிய கம்பிப் பற்கள் பதித்த உருளைகளுக்கு அடியில் விட்டுச் சீவுவார்கள். நூலின் இழைகள் கிளம்பி மேலே பஞ்சுபோல் நிற்கும். உடம்புச் சூட்டைப் பிடித்துவைப்பது அந்தப் பஞ்சுக்குள் சிக்கிய காற்றுதான். அப்படிச் சீவ வாகாக நூலை அதிகம் முறுக்காமல் விட்டிருப்பார்கள். தண்ணீர் பட்டதும் அந்தத் துணி நன்றாகச் சுருங்கும்.

ஆகவே வெட்டுவதற்கு முன் துவைத்தாக வேண்டும். ஒரு மூலையில் நீளம் 50, அகலம் 50 சென்டிமீட்டருக்குச் சதுரமாகக் கறுப்பு நூலால் அடையாளம் போட்டேன். அக்கா வீட்டு மெஷினில் 40 டிகிரி தண்ணீரில்தான் துவைப்பாளாம். அதே சூட்டில் அண்டாவில் ஊறப்போட்டு அலசிப் பிழிந்தோம். பிழிந்த பத்து மீட்டர் ஃபிளானலைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

துவைத்தாகிவிட்டது, காயவேண்டுமே. திண்ணையில் இரண்டு நாள் தொங்கியும் ஈரம் குறையவில்லை. பூஞ்சை பிடிக்கும் என்று நான் புலம்பியதைக் கேட்ட அப்பா, "ஷீட் காய்கிற இடத்தில் துணி காயாதா மக்களே?" என்று துணியைத் தூக்கிக்கொண்டுபோய் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறையில், மேல் கம்பில் விரித்துவிட்டார். மறுநாள் காலை சுக்காகக் காய்ந்திருந்தது. ஆனால் பத்து மீட்டரும் தேங்காய்த் தொண்டும் ரப்பர் பாலும் சேர்ந்து புகைந்த வாசம். எங்களுக்கு அது வீட்டு வாசம்தான். அக்காவின் மகள் முகர்ந்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இதைக் கொண்டுபோனால் விமான நிலையத்தில் நாய் விடமாட்டேன் என்று நிற்கும்" என்றார் அத்தான்.

மறுபடி துவைத்தோம். இந்தத் தடவை வெயில் கொஞ்சம் முகம் காட்டியது. சதுரத்தை அளந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. முதல் துவைப்பில் 50 சென்டிமீட்டர் நீளம் 46.5 ஆகியிருந்தது. இரண்டாவதில் 46. அகலம் 48.5, பிறகு 48.3. ஃபிளானல் ஒரே தடவையில் சுருங்கி முடிப்பதில்லை. ஒரு தடவையோடு வெட்டியிருந்தால் ஒவ்வொரு காலிலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அபர்டீனில் போய்க் குறைந்திருக்கும். பத்து மீட்டர் இப்போது 9.20. அப்பா இன்றுவரை இந்தக் கணக்கைத் தன் யோசனையின் வெற்றியாகத்தான் எடுத்துக்கொள்கிறார்.

மாதிரிக்கு அத்தானின் பழைய பைஜாமா இருந்தது. அதை விரித்து, செய்தித்தாள்களை ஒட்டி, ஓரத்தோடு ஓரமாகப் பென்சிலால் வரைந்தேன். பக்கவாட்டில் தையல் இல்லாத, ஒரு காலுக்கு ஒரே துண்டாக வரும் வெட்டு. வெட்டி, கவட்டுத் தையல், உட்கால் தையல், மேலே இலாஸ்டிக்குக்கு மடிப்பு என்று ஒரே நாளில் முடித்துவிட்டேன். அத்தான் மார்த்தாண்டம் போயிருந்தார். இருவருக்கும் இடுப்பு ஒன்றுதான் என்பதால் அப்பாவைப் போட்டுப்பார்க்கச் சொன்னேன்.

அப்பா நின்றார். நடந்தார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். எல்லாம் கச்சிதம். "கொஞ்சம் கருப்பட்டிக் காப்பி கொண்டு வா" என்று சொல்லிக்கொண்டே, பழக்கத்தில், தரையில் சம்மணம் போட்டார்.

சர் என்று ஒரு சத்தம். மரச்சீனி தோலுரித்துக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அப்பா அசையவில்லை. "மக்களே, இது நிற்கிறவனுக்கு வெட்டியது" என்றார்.

துணி கிழியவில்லை, நூல்தான் அறுந்திருந்தது. கவட்டு வளைவில் துணி குறுக்காக வெட்டுப்படுவதால் அங்கே இழுத்தால் நீளும். நேர்த்தையல் போட்ட நூல் நீளாது. துணி போகிற தூரத்துக்கு நூல் வராமல் அறுந்துவிட்டது. ஆனால் மூல காரணம் அது இல்லை. இஞ்ச் டேப்பை எடுத்து, முன் இடுப்பிலிருந்து கவட்டு வழியாகப் பின் இடுப்புவரை அப்பாவை அளந்தேன். நிற்கும்போது 72 சென்டிமீட்டர். சம்மணம் போட்டதும் 80. அத்தனையும் பின்பக்கத்தில் கூடுகிறது. தொடைகளும் இரண்டு பக்கமாகத் துணியை இழுக்கின்றன. நான் பார்த்து வரைந்த பைஜாமாவில் மொத்தமே 74தான் இருந்தது.

இதில் எனக்கு வெட்கம் வந்த இடம் ஒன்று உண்டு. பைஜாமா இந்தப் பக்கத்து உடுப்பு. பாரசீகத்தில் 'பாய்' என்றால் கால், 'ஜாமா' என்றால் உடுப்பு. இந்தியாவில் இதைப் பார்த்த ஐரோப்பியர்கள் இரவு உடுப்பாக எடுத்துக்கொண்டு போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டனில் ஆண்கள் தூங்கும்போது போடும் சாதாரண உடுப்பாகிவிட்டது. போன இடத்தில் நாற்காலியிலும் கட்டிலிலும் உட்காரப் பழகி, தரையை மறந்துவிட்டது. இங்கே சல்வாருக்கும் சுடிதாருக்கும் கவட்டில் வைக்கும் துண்டை வடநாட்டுத் தையல்காரர்கள் 'மியானி' என்பார்கள். நானே வாரத்துக்கு நாலு சுடிதாருக்கு அதை வைக்கிறேன். வெளிநாட்டுத் துணி, வெளிநாட்டு மாதிரி என்றதும் கை அதை மறந்துவிட்டது.

அக்காவிடம் சொன்னேன். "அங்கே யார் தரையில் உட்காருகிறார்கள்?" என்று தொடங்கியவள், தானே நிறுத்தினாள். "ஜெபத்துக்கு உட்காருவோம்" என்றாள். அபர்டீன் வீட்டிலும் ராத்திரி குடும்ப ஜெபம் கம்பளத்தில் சம்மணம் போட்டுத்தான்.

மாதிரியைத் திருத்தினேன். பின் இடுப்பை 5 சென்டிமீட்டர் உயர்த்தினேன். பக்கவாட்டில் சரிந்து முன்பக்கத்தில் பழைய உயரத்துக்கே வரும். கவட்டில் 12 சென்டிமீட்டர் சதுரத் துண்டை மூலைவாக்கில், சாய்சதுரமாக வைத்தேன். அங்கே தைக்கும்போது துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்தபடி ஓட்டி, அதன் மேலேயே இன்னொரு தையல். இழுத்துத் தைத்தால் துணி நீளும்போது நூலுக்கும் கொஞ்சம் இடம் இருக்கும்.

அறுந்த பைஜாமாவுக்குச் சதுரத் துண்டு வைத்துவிட முடிந்தது. பின் உயரத்துக்குத்தான் தனியாக ஒரு பட்டி ஒட்டவேண்டி வந்தது. கட்டம் கோள்சொல்லி, ஒட்டிய இடத்தில் கறுப்புக் கோடு அரை விரல் விலகி, பத்தடி தூரத்திலிருந்தே தெரிந்தது. அத்தானுக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை. "எனக்கு இருக்கட்டும். மார்கழியில் ரப்பர் பால் வெட்டப் போகும்போது ஆகும்" என்றார் அப்பா.

பிரச்சினை என்னவென்றால், நாலு பேருக்கு வந்த துணியில் இப்போது ஐந்து பேர்.

கட்டம் சுருங்கிய பிறகு 10 சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வந்தது. இரண்டு கால்களிலும் கோடுகள் ஒரே உயரத்தில் நிற்க வேண்டுமானால் இரண்டாவது காலை அதே கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். 112 சென்டிமீட்டர் துண்டு 120 சென்டிமீட்டரைத் தின்றுவிடுகிறது. கட்டத்துணிக்கு அளவைவிட அதிகம் வாங்கச் சொல்வது இதனால்தான். அப்பாவுக்கு ஏற்கெனவே 2.32 மீட்டர் போயிற்று. அத்தானுக்கு 2.37, அக்காவுக்கு 2.20, மகளுக்கு 1.60. நாலு வயதுப் பையனின் இரண்டு கால்களும் அகலவாக்கில் பக்கத்தில் பக்கத்தில் அடங்கியதால் 62 சென்டிமீட்டர். 9.20-க்குள் அடங்கியது, கடைசியில் கையளவு மிஞ்சியது. கணக்கை அரிசி வாங்கிய பில்லின் பின்பக்கம் ஆறு தடவை போட்டேன்.

அடுத்த தலைவலி மஞ்சள் கோடு. அது கட்டத்தின் நடுவில் ஓடியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடுகிறது. வழக்கம்போல் துணியை இரண்டாக மடித்து வெட்டினால் ஒரு காலில் கோடு உள்பக்கமும் மறுகாலில் வெளிப்பக்கமும் விழும். நடுவில் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது என்பதுபோல் ஆகிவிடும். முதல் பைஜாமாவில் அப்படித்தான் ஆகியிருந்தது. சம்மணச் சிரிப்பில் யாரும் கவனிக்கவில்லை.

ராத்திரி அக்கா மகளின் கோடுபோட்ட நோட்டுத் தாளைக் கிழித்து, ஓரமாக மஞ்சள் கிரயானால் கோடு இழுத்து, குட்டிக் கால்கள் வெட்டி உருட்டி உருட்டிப் பார்த்தேன். விடை சிறியது. மடிக்காமல் ஒற்றைத் துணியில், ஒரே பக்கம் பார்த்த இரண்டு கால்களை, கட்டத்தின் அதே இடத்தில் வெட்டவேண்டும். பிறகு ஒன்றை மட்டும் புரட்டிப் போடவேண்டும். புரட்டியதும் அது மறுகாலாகிவிடும். மஞ்சள் கோடும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மறுபக்கம் வந்து நிற்கும். நூலில் சாயம் ஏற்றி, இரண்டு பக்கமும் சீவிய துணி என்பதால் உள்ளும் புறமும் ஒன்றுதான், புரட்டியது யாருக்கும் தெரியாது. அச்சுக்கட்டத்தில் இது நடக்காது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அக்காவை எழுப்பிக் காட்டினேன். அவள் "சரி, நல்லது, படு" என்றாள்.

டெய்லர் சாக் இந்தப் பஞ்சில் நிற்காது. தேய்ந்துபோன குளியல் சோப்புத் துண்டு நன்றாகக் கோடு போட்டது. வெட்டும்போது இன்னொன்றும் பார்த்துக்கொண்டேன்: பெரிய சிவப்புக் கட்டம் சரியாகப் பின்புறத்தின் மேட்டில் போய் உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் குறிபார்த்துச் சுடுகிற பலகை மாதிரி இருக்கும்.

வெட்டியதும் கட்டம் சேர்ந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். உட்கால் தையலைக் கணுக்காலில் தொடங்கியபோது கறுப்போடு கறுப்பு சரியாக நின்றது. மேலே போய்ச் சேர்ந்தபோது ஒரு சென்டிமீட்டர் விலகியிருந்தது. மெஷினின் பல் அடித்துணியை இழுத்துக்கொண்டு போகிறது. மேலே அழுத்தும் கால் மேல்துணியைத் தேய்த்துப் பின்னுக்குத் தள்ளுகிறது. வழவழப்பான துணியில் இது தெரியாது. இங்கே பஞ்சும் பஞ்சும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தையலுக்கும் துளித்துளியாக நகர்கின்றன. மெஷின் தலையில் உள்ள அழுத்தத் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். தையலைக் கொஞ்சம் பெரிதாக்கி, 14-ஆம் நம்பர் புது ஊசி மாட்டினேன். பாதிதான் சரியானது. மீதியைக் கைதான் செய்தது. ஒவ்வொரு கறுப்புக் கோட்டிலும் குறுக்காக ஒரு குண்டூசி, பிறகு முழு நீளத்துக்கும் வெள்ளை நூலில் ஓட்டுத் தையல், அதன் மேல் மெஷின், கடைசியில் வெள்ளை நூலை உருவுவது. ஒரு காலுக்கு முக்கால் மணி நேரம்.

முழங்காலுக்கு மேலே படுக்கைக் கோடுகள் மட்டும்தான் சேரும். முன்பக்கமும் பின்பக்கமும் வேறுவேறு சாய்வில் வளைவதால் நெட்டுக் கோடுகள் சேர வழியில்லை. கவட்டுத் துண்டிலும் அப்படித்தான். அந்த இடத்தைக் குனிந்து பார்க்கிற விருந்தாளி வீட்டுக்குள் வரவேண்டிய ஆளே இல்லை.

இடையில் மெஷினும் மக்கர் செய்தது. மிதிக்கிறேன், சக்கரம் சுற்றுகிறது, தலை சுற்றவில்லை. மழைக்காற்றில் தோல் பெல்ட் ஊறி நீண்டிருந்தது. கொக்கியைப் பிரித்து ஒரு சென்டிமீட்டர் நறுக்கி, ஆணியால் புதுத் துளை போட்டு மாட்டியதும் ஓடியது. அடுத்த நாள் அடியில் நூல் குஞ்சம் குஞ்சமாகச் சிக்கியது. பாபின் கூட்டைக் கழற்றினால் உள்ளே சிவப்புப் பஞ்சு ஒரு சுண்டைக்காய் அளவுக்குத் திரண்டு கிடந்தது. பழைய பல்துலக்கும் பிரஷால் வழித்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். அதன்பிறகு ஒவ்வொரு பைஜாமா முடிந்ததும் இந்தச் சடங்கு. நான் தைத்த அறையில் அப்பா ஒரு வாரம் தும்மினார்.

அந்தப் பஞ்சைப் பார்த்ததும்தான் தீயைப் பற்றிய பயம் வந்தது. மிஞ்சிய ஒரு பட்டியைக் குறட்டில் பிடித்து, முற்றத்தில் வாளித் தண்ணீருக்கு மேல் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். துணி எரிவதற்கு முன்பே மேற்பஞ்சில் ஒரு மெல்லிய தீ விறுவிறுவென்று மேலே ஓடியது. கையை உதறித் தண்ணீரில் போட்டேன். எங்கள் வீட்டில் அடுப்பு விறகில் எரிகிறது. அக்கா வீட்டில் கிறிஸ்துமஸுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பிரிட்டனில் 1985-இல் வந்த இரவு உடைப் பாதுகாப்பு விதிகளின்படி குழந்தைகளின் நைட்டி, கவுன் போன்றவை தீச் சோதனையில் தேறியாக வேண்டும். அவர்கள் காரணமில்லாமல் விதி போடவில்லை. பிள்ளைகளின் பைஜாமாவில் கால் அகலத்தைக் குறைத்து, கணுக்காலில் மடிப்புப் பட்டி வைத்து ஒட்டினாற்போல் தைத்தேன். காற்றில் அலையும் தளர்ந்த கால்தான் சுடரை முதலில் தேடிப்போகும். அவர்களுக்கு நாடாவும் கிடையாது, இலாஸ்டிக் மட்டும். நாடா எங்கேயாவது மாட்டி இழுக்கும். பெரியவர்களுக்கு இரண்டும்.

இலாஸ்டிக்கில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. ஒரு இஞ்ச் அகலம், இடுப்பைவிட இரண்டு இஞ்ச் குறைவு, ஊக்கில் கோத்து உருவி, முனைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சதுரமாகத் தைத்துவிட்டேன். உள்தையல்களின் பிசிறுக்கு பஜாரில் ஒரு கடையில் ஓவர்லாக் போட்டு வாங்கினேன். கடைக்காரர் துணியைத் தடவிப் பார்த்து, "கைக்குழந்தைக்கா?" என்றார். அத்தானின் பைஜாமாவை விரித்துக் காட்டினேன்.

புறப்படுவதற்கு முந்தின ராத்திரி நாலு பேரும் போட்டுக்கொண்டு பாயில் ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். ஜூலை மாதம், மழை விட்ட புழுக்கம், அதற்கு நடுவே ஃபிளானல். பையனின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அப்பாவின் ஜெபம் நீளமானது. ஊர், நாடு, ரப்பர் விலை, விமானம் என்று ஒன்றையும் விடமாட்டார். அவ்வளவு நேரமும் நான் கண்ணை மூடாமல் அத்தானின் முழங்காலையும் இடுப்பையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின் இடுப்பு கீழே இறங்கவில்லை. கவட்டுத் துண்டு விரிந்து கொடுத்தது. ஆமென் சொன்னதும் எழுந்தார், சத்தம் எதுவும் வரவில்லை.

டிசம்பரில் படம் வந்தது. கிறிஸ்துமஸ் மரத்தின் அடியில் நாலு பேரும் சம்மணம் போட்டிருந்தார்கள். மகளின் இடதுகால் மஞ்சள் கோடும் வலதுகால் மஞ்சள் கோடும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. பையனுக்கு அதற்குள் கால் இரண்டு விரல் ஏறிவிட்டதாம். கணுக்கால் பட்டிக்குள் 6 சென்டிமீட்டர் மடித்து வைத்திருக்கிறேன், பிரித்து இறக்கு என்று எழுதினேன். பிரிக்கும் ஊசி எங்கே வாங்குவது என்று கேட்டாள். பழைய பிளேடு போதும் என்றேன்.

அப்பா மார்கழி முழுக்க விடியற்காலையில் ஒட்டுப்போட்ட பைஜாமாவோடுதான் தோட்டத்துக்குப் போனார். மேலே லுங்கி. ரப்பர் பால் தெறித்து முழங்காலில் பஞ்சு கட்டிபட்டுவிட்டது, அது இனிப் போகாது. நேற்றுத் துவைத்தேன், மழை மேகம் கூடியிருக்கிறது. கொடியில்தான் கிடக்கிறது. புகை அறைப் பக்கம் கொண்டுபோகக்கூடாது என்று அப்பாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.